கடலுக்கு அப்பால் ஓர் அணி

ஓர் ஆட்டத்தைப் பார்த்து முடிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஓர் அணியைத் தம் அணியாக வரித்துக்கொண்டு, அதன் முதல் ஆட்டம் தொடங்கிக் கடைசி ஆட்டம் வரை அதனோடு கூடவே நடப்பது அவ்வளவில் முடியும் காரியமன்று. அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் எனப்படும் பந்தாட்டத்தில் முதல்தர அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டமுண்டு. அங்குள்ள அன்பர்க்கு அணியின் வெற்றி தோல்வி அன்றாடச் சோற்றைப் போன்றது. இன்று உப்புக் குறைந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்னும் பொறுமை அவர்களுக்கு வாய்த்துவிடுகின்றது.

நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இத்தகைய பற்று உண்டு. ஆனால் இங்கு ஒரு வேறுபாடு. தம் அணி ஆடும் மைதானத்தை இவ்வன்பர்களில் மிகப் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. அவ்வணி பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கின்றது. அதன் பெயர் சென்னை சூப்பர் கிங்ஸ். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை முதலிய ஊர்களின் கடைத்தெருக்களிலே சித்திரை, வைகாசி மாதங்களில் தென்படும் மஞ்சட் சட்டைகள் அவ்வணியின் சீருடையேயாம். சேப்பாக்கத்து மைதானத்திற்கும் பொகவந்தலாவையில் உள்ள ஒரு லயத்திற்கும் இடையே இந்தத் தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அத்தொடர்பு எவ்வெவ் வேளைகளில் சோதனைக்கு உள்ளாயிற்று என்பதையும் இன்று சிறிது நோக்குவோம்.

முதலில் போட்டியின் அமைப்பைச் சொல்லிவிடலாம். இந்தியன் பிரீமியர் லீக் என்னும் தொழில்முறைக் கிரிக்கெட் போட்டி 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தொடங்கிற்று. தொடக்கத்தில் எட்டு அணிகள். 2022ஆம் ஆண்டு முதல் பத்து. ஒவ்வோர் அணியும் முதற்சுற்றில் 14 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். மழையால் கைவிடப்பட்டால் ஆளுக்கு ஒன்று. பட்டியலில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளே மேற்செல்லும். ஆக, அமெரிக்க அன்பரின் 162 ஆட்டங்களோடு ஒப்பிட்டால் நம்மவர்க்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே ஒவ்வோர் ஆட்டமும் ஒரு திருவிழா; ஒவ்வொரு தோல்வியும் ஓர் இழவு.

அப்பருவம் வந்து பொருந்தும் காலத்தையும் கவனிக்க வேண்டும். மார்ச்சு மாதக் கடைசியில் தொடங்கி மே மாத இறுதிவரை ஆட்டங்கள் நடைபெறும். சித்திரைப் புத்தாண்டு அதற்குள் அடங்குகின்றது. நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டமும் குதிரைப் பந்தயமும் நடைபெறுவது அப்போதுதான். கொழும்பிலிருந்து வரும் சீமான்களின் மோட்டார் வண்டிகள் கிரகரி வாவியைச் சுற்றி நிற்கும். தோட்டத் தொழிலாளிக்கோ அது வேலை மிகுந்த காலம். இடைமழை விழுந்து கொழுந்து பெருகும். மலைக்கு மலை துளிர் பொங்கி நிற்கும். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பதினொன்றரை மணி ஆகிவிடும். 2006ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்றேயாதலால், சென்னையில் இருப்பவர் விழித்திருக்கும் அதே நேரத்தில்தான் இவரும் விழித்திருக்க வேண்டும். சென்னைவாசி காலையில் சற்றே அயர்ந்து உறங்கலாம். இங்கே பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். நாட்கூலிக்குரிய நிறையை எட்டாதவருக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கு. இந்தக் கணக்கையெல்லாம் அறிந்தே விழித்திருக்கின்றார்கள் என்றால், அது வெறும் பொழுதுபோக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

லயத்தின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. வெள்ளையர் காலத்தில் வரிசையாகக் கட்டப்பெற்ற அறைகள். நடுவே ஒரு மெல்லிய சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆகவே ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றிற்கும் ஆட்டம் உண்டு. படம் பார்க்க இடமில்லாதவர் ஒலியைக் கேட்டே ஓட்டங்களை எண்ணிக்கொள்வார். லயத்து அடுப்படியில் மறுநாளுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும், சுவருக்கு அப்பால் எழும் ஓசையைக்கொண்டே அது நான்கா, ஆறா, ஆட்டமிழப்பா என்று சொல்லத் தெரியும்.

மலைநாட்டிற்குக் கிரிக்கெட் புதியதன்று. டிக்கோயாவுக்கு அண்மையில் உள்ள டறவளை மைதானத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோட்டத் துரைமார் தமக்குள் சங்கம் அமைத்து ஆடி வந்தனர். அந்நாளில் தொழிலாளியின் பங்கு புல் வெட்டுவதும் வேலிக்கு வெளியே நிற்பதுமே. பின்னர் அவன் பிள்ளைகள் தாமே ஆடத் தொடங்கினர். சமநிலம் அரிதான நாட்டில் சரிவிலேதான் ஆட்டம், மென்பந்து, பலகையில் செதுக்கிய மட்டை. பந்து தேயிலைக்குள் புகுந்தால் தேட வேண்டும். கீழ்ப்பக்கம் தூக்கி அடித்தவன் தானே இறங்கிப் போய்க் கொண்டுவர வேண்டும் என்பது சரிவு வகுத்த சட்டம். ஆட்டத்தைத் தமிழில் கேட்கும் இன்பத்தையோ வானொலி தந்தது. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றோர் தமிழில் நேர்முக வர்ணனை செய்து, ஆங்கிலம் அறியாதோரையும் மைதானத்தின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றதை நம் மூத்த நேயர்கள் அறிவார்கள்.

எனினும், சென்னை அணிக்கும் மலையகத்திற்கும் முடிச்சுப் போட்டவர் ஒருவரே. அவர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர். பின்னர் அவர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். ஆண்மக்கள் இங்கேயே தங்கினர். பேரன் 1972இல் கண்டியில் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, 1992இல் இலங்கை அணியில் இடம்பெற்றார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் நகரில், அவர் பந்து எறிகின்றார் என்று கூறி நடுவர் ஒருவர் மீண்டும் மீண்டும் கை நீட்டியதும், அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவருக்காக உறுதியாக நின்றதும் கிரிக்கெட் உலகம் அறிந்த செய்தி. 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலியில், தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தின் இறுதிப் பந்தில், 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

அவரைத்தான் 2008ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் 6 இலட்சம் அமெரிக்க டாலருக்குச் சென்னை அணி எடுத்தது. தோட்டத்துக் குடும்பத்தின் வழிவந்த ஒருவர், பாட்டன் விட்டு வந்த நாட்டின் தலைநகர் அணிக்கு, மஞ்சட் சட்டை அணிந்து பந்து வீசினார். அதுமட்டுமா? அவர் சென்னையில் பெண் எடுத்தவரும்கூட. மூன்று பருவங்கள் ஆடினார். 2010 ஏப்ரல் 25ஆம் நாள் மும்பை அணியை வென்று சென்னை முதன்முறை கிண்ணத்தைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்திலும் அவர் இருந்தார். அடுத்த ஆண்டு வேறு அணி அவரை எடுத்துக்கொண்டது. வீரர் போய்விட்டார், அன்பர்கள் போகவில்லை. தொழில்முறை அணிகளின் விந்தை இதுவே. வந்து செல்வோர் வீரர். நிலைத்து நிற்போர் அன்பர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். இலங்கையில் பிறந்து வளர்ந்தவர் இந்திய நகரம் ஒன்றின் அணியைத் தம் அணி என்பது முறையோ என்று கேட்பார் உளர். லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வேற்றூர் அணிகளைப் பின்தொடர்வோரை எவரும் இவ்வாறு கேட்பதில்லை. மலையகத் தமிழரைக் கேட்பதற்கு வரலாறு உண்டு. அதனால்தான் அவ்வினா உறுத்துகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இன்னும் குடியுரிமையின்றி இருந்தவர்களுக்கு அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் இயற்றப்பட்டது. எந்த நாட்டார் என்று இரண்டு தலைமுறைகளாகக் காகிதத்தில் கேட்கப்பட்டவர்களிடம், எந்த அணி என்று விளையாட்டாகக் கேட்டாலும் அது முழு விளையாட்டாக இருப்பதில்லை.

1996 மார்ச்சு 13ஆம் நாள் அவ்வினாவை ஓர் ஆட்டமே கேட்டது. உலகக் கிண்ண அரையிறுதியில், கொல்கத்தாவின் ஈடன் தோட்ட மைதானத்தில், இந்தியாவும் இலங்கையும் எதிர்நின்றன. இலங்கை 251 ஓட்டங்கள். இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது கூட்டம் கலவரம் செய்ய, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. நான்கு நாள் கழித்து லாகூரில் ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை ஏந்திற்று. அந்த இலங்கை அணியில் முரளிதரன் இருந்தார். ஆகவே மலையகத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அன்று விடை எளிதாயிற்று.

விடை எளிதாகாத ஆண்டு 2013. போரின் இறுதிக் கட்டத்தில் ஈழத்தமிழர்க்கு நேர்ந்தவற்றால் தமிழ்நாடு கொந்தளித்திருந்த காலம் அது. அவ்வாண்டு மார்ச்சு 26ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள் பங்குபெறும் ஆட்டங்களைத் தமிழ்நாட்டில் அனுமதிக்க இயலாது என்பது அதன் சாரம். அன்றே போட்டியின் நிருவாகம், சென்னை ஆட்டங்களில் இலங்கையர் எவரும் ஆடார் என்று முடிவு செய்தது. சென்னை அணியிலேயே நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் இருந்தனர். தம் சொந்த மைதானத்தில் அவர்கள் இறங்க முடியவில்லை. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிதரனும் அம்முடிவுக்குள் அடங்கினார். தமிழருக்காக எழுந்த சினம் ஒரு தமிழரையும் வாயிலில் நிறுத்திற்று. அச்சினம் நியாயமானது என்று கருதியவர் மலையகத்திலும் இருந்தனர். ஆனால் கடவுச்சீட்டின் நிறத்தை மட்டும் நோக்கி வகுக்கப்பட்ட விதி, தோட்டத்து அன்பருக்குப் பழைய அனுபவம் ஒன்றை நினைவூட்டியிருக்க வேண்டும். இங்கே அவர் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர், அங்கே இலங்கையர். அந்தப் பருவத்தில் மஞ்சட் சட்டையைக் கழற்றியவர் சிலர் இருக்கலாம். பலர் கழற்றவில்லை. ஓர் அரசின் ஆணையை ஓர் அணியின் தலையில் ஏற்றிவைப்பது பொருந்தாது என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். அவ்வெண்ணம் சரியென்றே நானும் கருதுகின்றேன்.

இப்பற்றுக்கு உறவுமுறையும் ஒரு காரணம். ஒப்பந்தப்படி தலைமன்னார் வழியே கப்பலேறிய குடும்பங்களுட் பல நீலகிரியில் குடியேறின. அவர்களுக்கு வேலையளிக்க 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே இன்று டான்டீ என வழங்கும் நிறுவனமாக வளர்ந்துள்ளது. அண்ணன் கூடலூரிலும் தம்பி கொட்டகலையிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் உண்டு. முன்னர் ஒரு கடிதத்திற்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்று கைப்பேசியில் பேசுகின்றார்கள். இரண்டு மலைகளிலும் பேசுவதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பொருள் என்ன? இங்குள்ள சம்பளச் சங்கதி அங்குள்ளவருக்குப் புரியாது. அங்குள்ள அரசியல் இங்குள்ளவருக்கு எட்டாது. நேற்றைய ஆட்டம் இருவருக்கும் புரியும்.

சூதாட்ட வழக்கின் விளைவாக 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்கள் சென்னை அணி விலக்கி வைக்கப்பட்டது. 2018இல் மீண்டு வந்து கிண்ணத்தையும் வென்றது. காவிரிப் போராட்டத்தால் அவ்வாண்டுச் சென்னை ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டபோது, ஏறக்குறைய ஆயிரம் அன்பர்களை ஏற்றிக்கொண்டு ஒரு தனி இரயில் வண்டி சென்னையிலிருந்து புனேக்குச் சென்றது. ஹட்டன் நிலையத்திலிருந்து அப்படி ஒரு வண்டி புறப்பட வழியில்லை. இவர்களுக்குப் பயணம் என்பது கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு என்று விரியும்.

2022ஆம் ஆண்டின் பருவம் தொடங்கியபோது இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. ஆட்ட நேரத்தில் லயமே இருளில் மூழ்கும். மின்கலம் தீராத கைப்பேசி ஒன்று இருந்தால் அதைச் சுற்றிப் பத்துத் தலைகள். அந்த இருண்ட பருவத்தில்தான் மகீஷ் தீக்ஷன, மதீஷ பத்திரன என்னும் இரண்டு இலங்கை இளைஞர்கள் சென்னை அணிக்கு ஆடத் தொடங்கினார்கள். பத்திரன கண்டியில் பிறந்தவர்; அங்குள்ள திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். முன்பு தடை செய்யப்பட்ட நாட்டின் வீரருக்காகச் சேப்பாக்கம் 2023இல் எழுந்து நின்று ஆரவாரித்தது.

அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தைக் கூறாமல் விட மனம் வரவில்லை. அகமதாபாத்தில் மே 28ஆம் நாள் நடைபெற வேண்டியது, மழையால் 29ஆம் நாளுக்குத் தள்ளிற்று. குஜராத் அணிக்காக 96 ஓட்டங்கள் குவித்து அச்சுறுத்தியவர் சாய் சுதர்சன், சென்னை இளைஞர். சதத்திற்கு நான்கு ஓட்டம் இருக்கையில் அவரை வீழ்த்திச் சென்னைக்கு மூச்சுவிட இடம் தந்தவர் கண்டி இளைஞர் பத்திரன. எவர் எந்த ஊருக்கு ஆடுகின்றார் என்பதை இதைவிட அழகாகக் குழப்பிவிட முடியாது! மீண்டும் மழை. இலக்கு 15 ஓவர்களில் 171 எனத் திருத்தப்பட்டது. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பிறகு, இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டியிருந்தன. ரவீந்திர ஜடேஜா ஒன்றை ஆறுக்கும் மற்றொன்றை நான்குக்கும் அனுப்பினார். சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம். பிரட்டுக்குச் சில மணி நேரமே இருந்தது.

அடுத்த ஆண்டு அன்பர்களைக் கணக்காசிரியர்களாக மாற்றிற்று. இரண்டு அணிகள் சமமான புள்ளிகள் பெற்றால் நிகர ஓட்ட விகிதத்தைப் பார்ப்பார்கள். இதைப் பலர் மாயவித்தை போல் கருதுகின்றார்கள், உண்மையில் எளிது. பருவம் முழுவதிலும் ஓர் அணி எடுத்த ஓட்டங்களை அது ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். அதேபோல் பிறர் அதற்கு எதிராக எடுத்த ஓட்டங்களை அவர்கள் ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே விகிதம். நிறுவைக்களத்தில் கொழுந்தின் நிறையிலிருந்து கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் எஞ்சுவதையே ஏட்டில் எழுதுகின்றார்கள் அல்லவா? அதுபோன்றதே இதுவும். ஓர் அணி பத்து விக்கெட்டுகளையும் இழந்து 15 ஓவரில் சுருண்டாலும், முழு 20 ஓவர்கள் ஆடியதாகவே வகுப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

2024 மே 18ஆம் நாள் பெங்களூரில் அக்கணக்கு உயிருள்ளதாயிற்று. பெங்களூர் 218 ஓட்டங்கள். சென்னைக்கு முன்பே 14 புள்ளிகள் இருந்தமையால் வெற்றி கட்டாயமன்று. 201 ஓட்டங்கள் எடுத்தால் தோற்றாலும் விகிதத்தால் மேற்செல்லலாம். கடைசி ஓவரில் அதற்கு 17 தேவை. முதற்பந்தை தோனி ஆறுக்குத் தூக்கினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். சென்னை 191இல் நின்றது. தோற்றும் வெல்லலாம் என்றிருந்த ஆட்டத்தில், தோற்றே போனார்கள்.

2025 இன்னும் கடுமையானது. ஏப்ரல் 30ஆம் நாளன்றே மேற்செல்லும் வாய்ப்பு முற்றிலும் அற்றுப்போயிற்று. எஞ்சியிருந்த நான்கு ஆட்டங்களால் அட்டவணையில் பெறக்கூடியது ஒன்றுமில்லை. அத்தகைய ஆட்டத்தைப் பார்ப்பவரே உண்மையில் பின்தொடர்பவர் என்று பேஸ்பால் நாட்டார் கூறுவார்கள்.  மே 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அகமதாபாத்தில் கடைசி ஆட்டம். பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத்தை அடியில் இருந்த சென்னை 83 ஓட்டங்களால் வென்றது. ஆயினும் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம், பத்தாவது.

அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் பத்திரனவைக் கொல்கத்தா அணி எடுத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்த வாரத்தில் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்து மலைகளில் இறங்கத் தொடங்கும். அதற்குப் பின் துணி உலர்வது அரிது. துவைத்த மஞ்சட் சட்டையை அடுப்படிக் கொடியில், புகைக்கு மேலே, அடுத்த மார்ச்சு வரைக்கும் கெடாதபடி உலர்த்தி மடித்து வைக்கின்றார்கள்.